மீசையோடு பெண் பார்க்கப் போனேன்

எனக்கு மீசை முளைத்தபோது ஊரில் முதலில் சிரித்தவள் பக்கத்து வீட்டு ராமக்காள். சும்மா சிரிப்பா? புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே போட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

"ஏம் புள்ள புஷ்பா, ஆம்பள கிட்னிய வெச்சா ஆம்பள முடிதான வளரும்? இன்னும் ஆறு மாசம் போவட்டும், நீ பீடி கேக்கறியா இல்லியா பாரு!"

"உம் புருசன் தெனமும் தோச சுடறாரே, அவருக்கு எவளோட கிட்னிய வெச்சாங்க?" என்று கேட்டேன்.

அதற்கும் சிரித்தாள். ராமக்காளிடம் கோபித்துக்கொள்ள முடியாது. கோபித்துக்கொண்டால் இன்னும் சத்தமாகச் சிரிப்பாள்.

ஆனால் ஒன்று, அவள் சொன்னதில் பாதி உண்மை. எனக்குள் இருந்தது ஆம்பளை கிட்னிதான். என் தம்பி ஞானராஜுடையது. எண்பத்தேழாம் வருஷம் என் இரண்டு கிட்னியும் ஒன்றாகக் கையை விரித்துவிட்டன. எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. என் வீட்டுக்காரர் மதலைமுத்து முதலில் கையை நீட்டினார், அவருடைய ரத்தம் சேரவில்லை. ஞானராஜுக்குச் சேர்ந்தது. இருபத்தொன்பது வயது, கல்யாணம் ஆகாதவன். "என்னுத எடுத்துக்குங்க, ஒண்ணு சும்மாதான் கெடக்குது" என்று ஏதோ வீட்டில் கிடக்கும் மண்வெட்டியைக் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டான். வேலூரில் ஆபரேஷன் ஆயிற்று.

ஊருக்குக் கிளம்புகிற நாளில் டாக்டர் வெங்கடாசலம் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்து ஒரு புட்டியைக் கையில் எடுத்துக் காட்டினார். பழுப்புக் கண்ணாடிப் புட்டி. உள்ளே மஞ்சளாக எண்ணெய்போல ஒரு மருந்து.

"உங்க தம்பி கிட்னின்னாலும் உங்க உடம்புக்கு அது அசலூர் ஆளுதாம்மா. வெள்ளையணுல ஒரு வகை இருக்கு, ஊர்க் காவக்காரன் மாதிரி. புது ஆளைப் பாத்ததும் திருடன் திருடன்னு கத்தும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் மத்ததெல்லாம் தடியைத் தூக்கிட்டு ஓடி வரும், கிட்னியைப் போட்டு அடிக்கும். இந்த மருந்து காவக்காரனைக் கொல்லாது. கத்தற வாயை மட்டும் அடைச்சு வைக்கும். உள்ள போயி எப்படி அடைக்குதுன்னு உலகத்துலயே இன்னும் முழுசாக் கண்டுபிடிக்கல. ஆனா அடைக்குது."

"அப்ப நெஜத் திருடன் வந்தா?" என்றான் ஞானராஜ்.

டாக்டருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அதான் பயம். காய்ச்சல், சளி எது வந்தாலும் உடனே இங்க ஓடி வரணும். கத்தறதுக்கு ஆளு இல்லைல்ல?"

அதோடு விடவில்லை. மருந்து குறைந்தால் காவல்காரன் கத்துவான், கிட்னி போகும். கூடினால் அந்த மருந்தே கிட்னியைக் கெடுக்கும் என்றார். எனக்குச் சுரீர் என்றது. கிட்னியைக் காப்பாற்றக் கொடுக்கிற மருந்தே கிட்னியைக் கெடுக்குமாம், இது என்ன வைத்தியம், வேலிக்குப் போட்ட முள் நம் காலிலேயே குத்துகிற கதையாக இருக்கிறதே என்று சண்டைக்குப் போனேன். "அதனாலதாம்மா அளவு. அளவுதான் எல்லாம்" என்று பொறுமையாகச் சொன்னார். காலையும் மாலையும் கண்ணாடித் தம்ளரில் பாலை ஊற்றி, மருந்தை அளந்து விட்டுக் கலக்கி, உடனே குடித்துவிட வேண்டும். பிளாஸ்டிக் தம்ளர் கூடாது, மருந்து அதில் ஒட்டிக்கொள்ளும். மருந்தை அளக்க இங்க் பில்லர் போல ஒரு குழாய் கொடுத்தார்கள். நாங்கள் அதைப் பில்லர் என்றே சொன்னோம்.

பாப்பாரப்பட்டிக்கு வந்து சேர்ந்தோம். எங்களுக்கு அங்கே ஒரு சின்ன எண்ணெய் மில். நிலக்கடலை ஆட்டுகிற மில். என் வீட்டுக்காரர் முதலாளி, தம்பி மெஷினைப் பார்த்துக்கொள்கிறவன். சாப்பாடு எங்கள் வீட்டில், படுக்கை மில்லில். மில்லும் வீடும் ஒரே சுவர். எங்கள் வீட்டுத் தலையணை, பைபிள், ரேஷன் கார்டு, எதை எடுத்து மோந்தாலும் கடலை எண்ணெய் வாசம்தான். மருந்துப் புட்டியை மாதா சுரூபம் வைத்திருந்த பலகையில், சுரூபத்துக்குப் பின்னால் வைத்தேன். வீட்டில் யாரும் கை வைக்காத இடம் அது ஒன்றுதான் என்று நினைத்தேன்.

மருந்து தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. முதலில் கை நடுங்கியது. ஊசியில் நூல் கோக்கப் போனால் ஊசி ஒரு பக்கம் ஆடும், நூல் ஒரு பக்கம் ஆடும், கடைசியில் நான் எழுந்து இரண்டையும் வீசிவிட்டு அழுவேன். உள்ளங்கால் அடுப்பில் வைத்ததுபோல் எரிந்தது. ஈறு வீங்கிப் பல்லை மூடியது. பிரஷர் ஏறியது, அதற்கு வேறு மாத்திரை. அப்புறம்தான் முடி. அப்பப்பா! மேலுதட்டில், தாடையில், நெற்றியில் புருவத்துக்கு மேலே, முழங்கையில், முதுகில். எங்கே முளைக்கக் கூடாதோ அங்கேயெல்லாம் முளைத்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போவேன். பக்தி முற்றிவிட்டது என்று பங்குச் சாமியார் நினைத்துக்கொண்டார்.

இதில் கொடுமை என்னவென்றால், ஞானராஜ் சொட்டை. இருபத்தைந்தில் நெற்றி ஏறத் தொடங்கி, இருபத்தொன்பதில் காதுக்கு மேலே மட்டும் வேலி கட்டியதுபோல் கொஞ்சம் முடி நின்றது. சாப்பிடும்போது என் கையையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"என்னடா பாக்கற?"

"இல்லக்கா... இது அந்த எண்ணெ மருந்தாலதான வளருது?"

"ஆமா. உனக்கு வேணுமா? வாரி எடுத்துக்கடா, சனியன்!"

கோபத்தில் சொன்ன சொல். நான் வாயைத் திறந்தால் இப்படித்தான் எதையாவது சொல்லித் தொலைப்பேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவனுக்கு நாலு இடத்தில் பெண் பார்த்தோம். எனக்கு உடம்பு முடியாததால் நான் ஒரு இடத்துக்கும் போகவில்லை. என் வீட்டுக்காரர்தான் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு முறையும் ஞானராஜ் திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "சொட்டையாம்க்கா, வேணாங்கறாங்க" என்பான். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். "மழைக்கு ஒதுங்க எடம் இல்லாத தலைடா உன்னுது" என்பேன். "பொண்ணு கண்ணு கூசிருச்சாம்" என்பேன். அவனும் கூடவே சிரிப்பான். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்காமல் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார். அவர் எதற்குத்தான் சிரித்தார் என்று நான் விட்டுவிடுவேன்.

அடுத்த வருஷம் ஆடி மாதம் அதிசயம் நடந்தது. ஒரு நாள் காலையில் காபி தம்ளரை எடுத்தால் தம்ளர் ஆடவில்லை. திரும்ப வைத்தேன், திரும்ப எடுத்தேன். ஆடவே இல்லை! ஊசியை எடுத்து நூலைக் கோத்தேன், ஒரே குத்தில் போய்விட்டது. "ஏங்க! ஏங்க! இங்க வாங்க!" என்று கத்திக்கொண்டு மில்லுக்கே ஓடினேன். கடலை மூட்டை சுமக்கிறவர்கள் முன்னால் நூலை உருவி உருவிக் கோத்துக் காட்டினேன். உள்ளங்கால் எரிச்சல் போயிற்று. மீசை வளர்கிற வேகம்கூடக் குறைந்தது. வாரத்துக்கு இரண்டு முறை மழிக்க வேண்டியிருந்தது பத்து நாளுக்கு ஒரு முறை ஆயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. மாதாவுக்கு ஒரு முழ நீள மெழுகுவர்த்தி ஏற்றினேன், பாயசம் வைத்தேன், ராமக்காள் கையைப் பிடித்து இழுத்து வாசலிலேயே ஒரு சுற்று ஆடினேன்.

"என்னாடி இது, பொம்பளயா மாறிட்டயா?" என்றாள் ராமக்காள்.

"மாறிட்டேன்டி! மொத்தமா மாறிட்டேன்!"

ஞானராஜும் அன்றைக்கு இரண்டு கிண்ணம் பாயசம் குடித்தான். அவன் முகத்திலும் என்னவோ ஒரு குஷி. கொஞ்ச நாளாகவே அவன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் இருந்தான். மில்லில் தூசி என்றான். நான் கேட்டேனா, அதற்கு மேல்? எனக்கு என் சந்தோஷம் பெரிதாக இருந்தது.

ஆவணியில் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போகிற பரிசோதனைக்கு வேலூர் போகிற நாளும் வந்தது. நானும் என் வீட்டுக்காரரும் போனோம். வேளை தவறாமல் குடிக்க வேண்டும் என்பதால் மருந்துப் புட்டியும் பையில் வந்தது.

டாக்டர் ரத்த ரிப்போர்ட்டை இரண்டு முறை பார்த்தார். கிரியாட்டினின் ஒன்றே காலில் இருந்தது. இப்போது ரெண்டே முக்கால் என்றார். கிட்னி எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று காட்டுகிற எண் அது. ஏறினால் ஆபத்து. உடனே படுக்கையில் சேர்த்துவிட்டார். இரண்டு நாள் கழித்து இன்னொரு ரிப்போர்ட் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என் கட்டிலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரத்தத்துல மருந்து இருக்க வேண்டிய அளவுல கால்வாசிகூட இல்லைம்மா. உள்ள காவக்காரன் முழிச்சுக்கிட்டான். கத்த ஆரம்பிச்சுட்டான். உண்மையைச் சொல்லுங்க. மீசைக்குப் பயந்து மருந்தை நிறுத்தின பொம்பளைங்க நிறைய பேரை நான் பாத்திருக்கேன்."

எனக்கு வந்ததே கோபம்! "நானா? நானா நிறுத்துவேன்? என் தம்பி வவுத்தக் கிழிச்சுக் குடுத்தத நான் மீசைக்குப் பயந்து விடுவனா? தம்ளரக் கழுவி அந்தத் தண்ணியவும் குடிச்சிருக்கேன் டாக்டர்! மாதா மேல சத்தியம்!" என்று கத்தினேன். அடுத்த கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"கை நடுக்கம் எப்ப நின்னுச்சு?"

"ரெண்டு மாசமாச்சு."

"அப்பவே மருந்து குறைஞ்சிருக்கு. நீங்க குணமாயிட்டதா நினைச்சீங்க. அது மருந்து உள்ள போகலைங்கறதுக்கு அடையாளம்."

நான் பாயசம் வைத்துக் கொண்டாடியது என் கிட்னி சாகத் தொடங்கியதை என்று அப்போதுதான் புரிந்தது. டாக்டர் புட்டியைக் கேட்டார். என் வீட்டுக்காரர் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கப் போனவர், மூடியைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டார். மூக்கருகே கொண்டுபோனார். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்தார், மறுபடி மோந்தார். இருபது வருஷமாக எண்ணெய் வாங்க வருகிறவர்கள் முன்னால் அவர் இப்படித்தான் செய்வார். கலப்படம் ஒரு சொட்டு இருந்தாலும் சொல்லிவிடுவார்.

"இதுல கடலெண்ணெ இருக்குதுங்க டாக்டர்."

டாக்டர் சிரித்துவிட்டார். "அது வேற எண்ணெய்ங்க. மருந்தே எண்ணெயிலதான் கரைச்சிருக்கும்."

"இல்லீங்க. இது கடலெண்ணெ. அதுவும் எங்க மில்லு எண்ணெ. ரெண்டு வாரத்துக்கு முந்தி ஒரு லோடு கடல கொஞ்சம் காறிப் போச்சு. அந்த வாசம்." சுற்றி வார்டைப் பார்த்தார். "ஊருல இருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்காதுங்க. அங்க எல்லாமே இந்த வாசம்தான். இங்க டெட்டால் நாத்தத்துலதான் பிரிஞ்சு தெரியுது."

டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் புட்டியை வாங்கினார். என் வீட்டுக்காரர் மறுபடி கையை மோந்தார். இந்த முறை கடலை எண்ணெய்க்கு அடியில் இருந்த மருந்து வாசத்தை. பிறகு என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

"இந்த மருந்து வாசம் ரெண்டு மாசமா ஞானராஜ் தலையில அடிக்குது. நான் என்னவோ புதுசா தைலம் தேக்கறான்னு நெனச்சேன்."

மில்லுக்கு ட்ரங்க் கால் போட்டார்கள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஞானராஜ் வந்து நின்றான், தலையில் துண்டோடு. நான் கையில் ஏறிக்கொண்டிருந்த ட்ரிப்பையும் மறந்து எழுந்து துண்டைப் பிடுங்கினேன். சொட்டை மண்டை பளபளவென்றிருந்தது. அதன் நடுவில், உற்றுப் பார்த்தால், குழந்தைக்கு இருப்பதுபோல் பூனைமுடி கொஞ்சம் எழும்பியிருந்தது.

"பதினொண்ணு மொளச்சிருக்குதுக்கா" என்றான். பயத்தில் வாய் உளறிவிட்டது.

"அட பாவி! படுபாவி! என் மருந்தத் தலையில தேச்சயாடா?"

தேய்த்திருக்கிறான். தினமும் மத்தியானம் நான் கண்ணயர்கிற நேரம் பார்த்து, மாதாவுக்குப் பின்னால் கையை விட்டு, பில்லரில் இரண்டு முறை உறிஞ்சி மண்டையில் தேய்த்துக்கொண்டிருக்கிறான். புட்டியில் அளவு குறையக் கூடாதே! அதனால் எடுத்த அளவுக்கு மில் எண்ணெயை ஊற்றியிருக்கிறான். ஒவ்வொரு புட்டியும் அடிக்கு வர வர மருந்து குறைந்து கடலை எண்ணெய் கூடியிருக்கிறது. நான் அதைப் பாலில் கலக்கி, தம்ளரைக் கழுவிக்கூடக் குடித்திருக்கிறேன்.

"எண்ணெயோட எண்ணெ சேந்தா என்னா ஆவப்போவுதுன்னு நெனச்சேன்க்கா. அளவு சரியா ஊத்துனேன். ஒரு சொட்டு கொறைக்கல. அளவுதான் எல்லாம்னு டாக்டரே சொன்னாரு. உனக்குந்தான் மீசையால கஷ்டமா இருக்குதே, உன் முடி கொஞ்சம் கொறஞ்சு எனக்குக் கொஞ்சம் வந்தா ரெண்டு பேருக்கும் நல்லதுதானன்னு..."

டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று நான் முறைத்தேன், சிரிக்கத்தான் சிரித்தார். பிறகு திரும்பி, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "மூணு நாள் பெரிய டோஸ் ஸ்டீராய்டு ஏத்தறோம். அடங்கினா கிட்னி பிழைக்கும். அடங்கலைன்னா போயிடும். தம்பி, நீங்க குடுத்த கிட்னி அது, தெரியுதா?" என்றார். ஞானராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "ஒரு பொண்ணு கெடைக்கலன்னு அக்காளக் கொல்லப் பாத்தியாடா? சொட்டைன்னு நாலு பேரு சொன்னா உனக்கு அவ்வளவு ரோசமா? உன் மண்ட மசுரு உனக்கு அவ்வளவு ஒசத்தியா?"

"சொட்டைக்காக இல்ல புஷ்பா."

பேசியது என் வீட்டுக்காரர். மாதத்துக்கு இரண்டு வார்த்தை பேசுகிற மனுஷன்.

"மாமா, வேணாம்" என்றான் ஞானராஜ்.

"நீ சும்மா இருடா. நாலு வூட்லயும் சொட்டைன்னு ஒருத்தரும் சொல்லல. ஒத்தக் கிட்னிக்காரனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டோம்னுதான் சொன்னாங்க. நாளைக்கு எங்க பொண்ணு தாலியறுத்துட்டு வந்து நிக்கணுமான்னு ஒரு அம்மா மூஞ்சிக்கு நேரா கேட்டுச்சு. உனக்குத் தெரிஞ்சா நீ மனசு ஒடஞ்சு போயிருவன்னு, வர்ற வழியில பஸ்ஸுலயே இவன் எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டான்."

நான் ஞானராஜைப் பார்த்தேன். அவன் தலை நிமிரவில்லை.

"கிட்னி ஒண்ணுங்கறத மாத்த முடியாதுல்லக்கா" என்றான். "முடியாவது இருந்தா... பாக்கறதுக்குக் கொஞ்சம் நல்லா இருந்தா... அதுக்காவது ஒருத்தி சரின்னு சொல்லுவாளோன்னு பாத்தேன்."

நாலு முறை நான் விழுந்து விழுந்து சிரித்தது என் காதிலேயே கேட்டது. எவ்வளவு சிரித்திருக்கிறேன்! மழைக்கு ஒதுங்க இடமில்லாத தலையாம். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அவன் சொட்டை மண்டையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அவனும் அழுதான். என் வீட்டுக்காரர் புட்டியை மூடிவிட்டு வெளியே போய்விட்டார்.

மூன்று நாள் ட்ரிப் ஏறியது. அந்த மூன்று நாளும் ஞானராஜ் என் மூத்திரத்தை அளக்கிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டான். நர்ஸ் அளந்தாலும் விடமாட்டான், பின்னாலேயே போய் ஒரு முறை பார்த்துவிட்டு வருவான். முதல் நாள் குறைவு. இரண்டாம் நாளும் குறைவு. மூன்றாம் நாள் மத்தியானம் வார்டு முழுவதற்கும் கேட்கிற மாதிரி, "அக்கா! ரெண்டு லிட்டர்!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தான். பக்கத்துக் கட்டில்காரி கையைத் தட்டினாள். நானும் தட்டினேன். டாக்டர் வெங்கடாசலம் மறுநாள் கிரியாட்டினின் இறங்குகிறது என்றார். அதற்கடுத்த வாரம் ஒன்றரைக்கு வந்து நின்றது. பிழைத்துக்கொண்டது. புதுப் புட்டி திறந்தோம். கை ஆடியது, கால் எரிந்தது, மீசை பழையபடி கிளம்பியது. வாடா ராசா என்று அதைத் தடவிக் கொடுத்தேன்.

அடுத்த மாதக் கடைசியில் ஐந்தாவது இடம். கோவிலூரில் லூர்து மேரி என்று ஒரு பெண். இருபத்து நாலு வயது, பால்வாடியில் டீச்சர். சம்பந்தம் கொண்டுவந்த ஆள் அந்த வீட்டில் கிட்னி விஷயத்தைச் சொல்லவில்லை. ஞானராஜும் நாமாகப் போய்ச் சொல்ல வேண்டாம் என்று பார்த்தான். இந்த முறை நானும் வருவேன் என்றேன். என் வீட்டுக்காரர் சவரக் கத்தியை எடுத்து வைத்தார், வேண்டாம் என்றேன். முந்தானையால் வாயைப் பொத்தவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து மீசையோடு போய் அவர்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பெண்ணின் அப்பா விவசாயி, மரியாதை தெரிந்த மனுஷன். என் முகத்தைப் பார்ப்பதும் காலண்டரைப் பார்ப்பதுமாக இருந்தார்.

"மாப்பிள்ளைக்குக் கெட்ட பழக்கம் எதும்...?" என்று ஆரம்பித்தார்.

"இல்லீங்க" என்றேன். "ஆனா ஒரு கொற இருக்குது. கோயில்ல மூணு ஞாயித்துக்கெழம ஓலை படிப்பாங்க. இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிஞ்சவங்க சொல்லுங்கம்பாங்க. அப்ப எவனாவது எந்திரிச்சுச் சொல்றதுக்கு முந்தி நானே சொல்லிடறேன். எந் தம்பிக்குக் கிட்னி ஒண்ணுதான். இன்னொண்ணு எங்கிட்ட இருக்குது. இந்த மீசையும் அதால வந்ததுதான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வாய் நிற்கவில்லை. காவல்காரன் கத்துவது, மருந்து, சொட்டை, பில்லர், கடலை எண்ணெய், பதினொரு முடி, எல்லாம். ஞானராஜ் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தான். கதவுக்குப் பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் வந்தது. பதினொரு முடியில் அந்தச் சத்தம் பீறிட்டு வெளியே வந்துவிட்டது. காபித் தட்டில் தம்ளர்கள் கிணுகிணுத்தன.

அவள் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. தப்பாகக் கேட்கிற ஆள் இல்லை, ஆனால் கேட்டார்.

"நீங்க ஒளிக்காம சொன்னதுக்கு நன்றிங்கம்மா. பொண்ணப் பெத்தவன், கேக்காம இருக்க முடியல. நாளைக்கு இவருக்கு இருக்கற அந்த ஒண்ணும் கெட்டுப் போச்சுன்னா?"

டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். ஒன்றை வைத்துக்கொண்டு எழுபது எண்பது வயது வரை வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த அப்பா கேட்டது அதை இல்லை. போனால் என்ன என்று கேட்டார். நான் வாங்கிக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஞானராஜ் கிளம்பலாம் என்பதுபோல் எழுந்து நின்றான்.

கதவைத் தள்ளிக்கொண்டு லூர்து மேரி தட்டோடு வந்தாள். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"என்னப்பா நீங்க? போனா எங்கிட்ட ரெண்டு இருக்குதில்ல? ஒண்ணு குடுத்துட்டுப் போறேன்."

ரத்தம் சேருமா, மற்றது சேருமா, அவளுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. பக்கத்து வீட்டுக்கு ஒரு சொம்பு மோர் கொடுப்பதுபோல் சொன்னாள். ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது எனக்குக் கண்ணடித்துக் காட்டிவிட்டுப் போனவன் என் தம்பி. இப்போது நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, நாலு பேர் பார்க்க, சின்னப் பிள்ளைபோல் விக்கி விக்கி அழுதான்.

பெண்ணின் அப்பா மகளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். அப்புறம் அவன் தோளில் கை வைத்து அழுத்தி உட்கார வைத்தார்.

"காபி ஆறுதுங்க மாப்பிள, எடுத்துக்குங்க" என்றார்.